தோற்றவரை விடாத மூன்று கோடைகள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த லீட்ஸ் யுனைடெட் கால்பந்துக் கழகம் 2004 மே மாதம் போல்டனில் 4-1 என்று தோற்று, நாட்டின் முதல் நிலையான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. மறுபடி அங்கே போய்ச் சேர அதற்கு 16 ஆண்டுகள் ஆயின. இடைக்காலப் பொறுப்பாளர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும், அந்த 16 ஆண்டுகளில் 15 மேலாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் 70 நாட்கள் நீடித்தார். அவருக்கு அடுத்து வந்தவர் 32 நாட்கள். கால்பந்து ரசிகர்கள் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. 2001இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியில் அரையிறுதி வரை போன அந்த இளம் அணியைத் தொலைக்காட்சியில் பார்த்து இக்கழகத்தின்மேல் பற்றுக்கொண்டவன் நான். எனக்கு அந்தப் பட்டியலில் சிரிக்க எதுவும் இல்லை. அதைப் பல ஆண்டுகள் மனத்தில் போட்டுப் புரட்டியதில் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அந்த இறக்கத்துக்குப் பிறகு லீட்ஸ் மூன்று முறை ஒரு படி மேலேறியிருக்கிறது: 2010, 2020, 2025. மூன்று முறையும் காரியங்கள் நடந்த வரிசை ஒன்றுதான். புதிய மேலாளர் தம் முதல் சீசனில் பிளே-ஆஃபில் தோற்றார். கழகம் அவரை அனுப்பிவிடாமல் வைத்துக்கொண்டது. அடுத்த சீசனில் பிளே-ஆஃபுக்கு வேலையே வைக்காமல் அணி நேரடியாக மேலேறியது. சைமன் கிரேசன், மார்செலோ பியல்சா, டேனியல் ஃபார்க்கே ஆகிய மூவருக்கும் இது அப்படியே பொருந்துகிறது. ஒருவர் லீட்ஸின் இளைஞர் அணியிலேயே வளர்ந்தவர், ஒருவர் அர்ஜென்டினாக்காரர், ஒருவர் ஜெர்மானியர். மூவரின் ஆட்டமுறையிலும் குணத்திலும் ஒற்றுமை என்று சொல்ல அதிகம் இல்லை. அவர்களுக்குப் பொதுவாக அமைந்தது, தோற்ற பிறகும் கிடைத்த, இரு சீசன்களுக்கு இடைப்பட்ட அந்த ஒரு கோடைக்காலம்.

இங்கிலாந்து லீக் அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவைப்படுகிறது. இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள் ஆளுக்கு 46 ஆட்டங்கள் ஆடுகின்றன. முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவை நேராக மேலே செல்கின்றன. மூன்று முதல் ஆறு வரையிலான இடங்களில் முடித்த நான்கு அணிகள், எஞ்சிய ஒற்றை இடத்துக்காக, இரண்டு ஆட்டங்கள் கொண்ட அரையிறுதியும் ஒரே ஆட்டமான இறுதியும் ஆடுகின்றன, அதுதான் பிளே-ஆஃப். மூன்றாம் நிலையான லீக் ஒன்றிலும் 2004 முதல் ஏறத்தாழ இதே முறைதான். ஒன்பது மாத உழைப்பை மூன்று ஆட்டங்களில் பணயம் வைக்கும் ஏற்பாடு இது. லீட்ஸ் 1987, 2006, 2008, 2009, 2019, 2024 ஆகிய ஆறு ஆண்டுகளில் அதற்குள் நுழைந்து, ஆறு முறையும் வெறுங்கையோடு திரும்பியது. அந்த ஆறு தோல்விகளைவிட, ஒவ்வொரு தோல்வியையும் அடுத்து வந்த கோடையில் கழகத்தை நடத்தியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது.

வீழ்ச்சிக்கான காரணம் பலரும் அறிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பீட்டர் ரிட்ஸ்டேல் தலைவராக இருந்த காலத்தில், வருங்கால டிக்கெட் வருமானத்தை ஈடாகக் காட்டி 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கி வீரர்களை எடுத்தார்கள். ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினால்தான் அந்தக் கடன் அடையும். 2001இல் நான்காவது இடம், 2002இல் ஐந்தாவது இடம். இரண்டு முறையும் அந்த வாய்ப்பு கைநழுவியது. பிறகு ரியோ ஃபெர்டினாண்டில் தொடங்கி ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். டேவிட் ஓ'லியரி, டெர்ரி வெனபிள்ஸ், பீட்டர் ரீட் என்று மேலாளர்களும் வரிசையாகப் போனார்கள். கீழே இறங்கிய அதே ஆண்டில் எல்லண்ட் ரோடு மைதானத்தையும், தார்ப் ஆர்ச்சில் இருந்த பயிற்சி மைதானத்தையும்கூட விற்க வேண்டியதாயிற்று. 1969, 1974, 1992 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த கழகம், சொந்த மைதானத்தில் வாடகைக்கு ஆடத் தொடங்கியது.

கெவின் பிளாக்வெல் அந்த இடிபாட்டிலிருந்து ஓர் அணியைக் கட்டினார். பல வீரர்களை இலவசமாகவும், வேறு கழகங்களிலிருந்து தற்காலிகக் கடனாகவும் சேர்த்து, இரண்டே ஆண்டுகளில் 2006 பிளே-ஆஃப் இறுதிவரை கொண்டுவந்தார். கார்டிஃபில் வாட்ஃபோர்ட் 3-0 என்று வென்றது. அந்தக் கோடையில் அவர் பதவியில் தொடர்ந்தாரே தவிர, அவர்மீது இருந்த நம்பிக்கை தொடரவில்லை. செப்டம்பரிலேயே அவரை நீக்கிவிட்டார்கள். 2005 தொடக்கத்திலேயே செல்சியின் முன்னாள் உரிமையாளர் கென் பேட்ஸ் கழகத்தைக் கைப்பற்றியிருந்தார். அவர் டென்னிஸ் வைஸை அழைத்து வந்தார். சீசன் முடிவில் லீட்ஸ் பட்டியலின் கடைசி இடத்தில் இருந்தது. 2007 மே 4 அன்று கழகம் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது, அதற்காக 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன, வரலாற்றில் முதன்முறையாக லீட்ஸ் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. பிளே-ஆஃப் இறுதியிலிருந்து மூன்றாம் நிலைக்கு வந்து சேர ஒரே ஆண்டு போதுமாக இருந்தது.

அடுத்த சீசனைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. திவாலிலிருந்து விதிப்படி வெளியேறவில்லை என்று சொல்லி, ஆட்டம் தொடங்கும் முன்பே 15 புள்ளிகளைக் கழித்தார்கள். அணி முதல் ஏழு லீக் ஆட்டங்களையும் வென்றது. ஜனவரியில் வைஸ் நியூகாசிலுக்குப் போய்விட, 1992 சாம்பியன் அணியின் நடுக்கள வீரர் கேரி மக்காலிஸ்டர் பொறுப்பேற்றார். களத்தில் லீட்ஸ் சேர்த்த புள்ளிகள் 91. முதலிடம் பெற்ற ஸ்வான்சிக்கு 92, இரண்டாமிடம் பெற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 82. கழித்த 15 புள்ளிகளால் லீட்ஸ் 76உடன் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, வெம்பிளி இறுதியில் டான்காஸ்டரிடம் 1-0 என்று தோற்றது. கணக்கறைத் தவறுக்கான தண்டனையை அனுபவித்தவர்கள் அந்தத் தவற்றில் பங்கே இல்லாத வீரர்களும் ரசிகர்களும். மக்காலிஸ்டரும் பிளாக்வெல்லைப் போலவே கோடையைக் கடந்தார்; டிசம்பரில் தொடர்ச்சியாக ஐந்து தோல்விகள் வந்ததும் நீக்கப்பட்டார்.

ஆக, தோல்விக்குப் பிறகு மேலாளரை வைத்துக்கொண்டால் போதும், எல்லாம் தானே சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பிளாக்வெல்லும் மக்காலிஸ்டரும் அதற்கு எதிரான சாட்சிகள். அவர்களை வைத்துக்கொண்டவர்கள் மாற்று ஏற்பாடு இல்லாததால் வைத்துக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. அடுத்த சரிவு வந்த உடனேயே கை விட்டார்கள். விரும்பித் தக்கவைப்பதும் வேறு வழியின்றித் தக்கவைப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும், முதல் ஐந்து மோசமான ஆட்டங்களுக்குள் வித்தியாசம் வெளிப்பட்டுவிடுகிறது.

கிரேசன் 2008 டிசம்பரில் வந்தார். 2009 மே மாதம் பிளே-ஆஃப் அரையிறுதியில் மில்வாலிடம் தோற்றார். சொந்த மைதானத்தில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ஜெர்மைன் பெக்ஃபோர்டின் பெனால்டி தடுக்கப்பட்டது. அடுத்த ஜனவரி 3 அன்று அதே பெக்ஃபோர்ட் ஓல்ட் டிராஃபோர்டில் அடித்த ஒற்றைக் கோலில், மூன்றாம் நிலை லீட்ஸ் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை வெளியேற்றியது. அந்த வெற்றிக்குப் பிறகு லீக்கில் அணி தடுமாறிப் பெரிய முன்னிலையைக் கரைத்துவிட்டது. கிரேசனை நீக்கவேண்டும் என்ற குரல்கள் அப்போது பலமாகவே கேட்டன, அவர் நீக்கப்படவில்லை. மே 8, 2010 அன்று கடைசி ஆட்டத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸை வென்றால்தான் நேரடி உயர்வு. மேக்ஸ் கிராடெல் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இடைவேளைக்குப் பின் ரோவர்ஸ் முதல் கோலை அடித்தது. பத்து பேரோடு ஆடிய லீட்ஸ் ஜானி ஹௌசன், பெக்ஃபோர்ட் இருவரின் கோல்களால் 2-1 என்று வென்றது. பொறுமை என்ற சொல்லை அதற்கு முன்பு கால்பந்தோடு சேர்த்து நான் யோசித்ததில்லை.

அந்தப் பொறுமை வீரர்களை விற்பதில் காட்டப்படவில்லை. அடுத்த சீசனில் ஏழாவது இடம் பிடித்துப் பிளே-ஆஃபை நெருங்கிய அணியிலிருந்து கிராடெலும் கேஸ்பர் ஷ்மைக்கேலும் போனார்கள். 2012 ஜனவரியில் கேப்டன் ஹௌசன் நார்விச்சுக்கு விற்கப்பட்டார். பிப்ரவரி 1 அன்று கிரேசன் நீக்கப்பட்டார். ஓர் அணியைக் கலைத்துவிட்டு அதன் மேலாளரிடம் முடிவுகளைக் கேட்பது நியாயமில்லை. அவருக்குப் பின் வந்த நீல் வார்னாக்கின் காலம், பல கழகங்களை மேலேற்றிய அனுபவம் அவருக்கு இருந்தும், நினைவில் நிற்பதாக எதையும் விட்டுச்செல்லவில்லை.

இனி மாசிமோ செல்லினோவின் காலம். இத்தாலியின் கால்யாரி கழகத்தின் உரிமையாளராக இருந்தபோதே இத்தாலியப் பத்திரிகைகள் அவருக்கு 'மேலாளர்களைத் தின்பவர்' என்று பெயர் வைத்திருந்தன. 2014 ஜனவரி 31 இரவு, கழகம் இன்னும் சட்டப்படி அவர் கைக்கு வராத நிலையில், வார்னாக்கை அடுத்து மேலாளராக இருந்த பிரையன் மெக்டெர்மாட் நீக்கப்பட்டதாக அவர் தரப்பு தெரிவித்தது. செய்தி பரவியதும் ரசிகர்கள் எல்லண்ட் ரோடு வாசலில் கூடி, செல்லினோ வெளியேற வந்த டாக்சியை மறித்தார்கள். மறுநாள் பக்கத்து ஊர் ஹடர்ஸ்ஃபீல்டுடன் ஆட்டம். மேலாளர் யார் என்பதே தெரியாத அந்த அணி 5-1 என்று வென்றது, ராஸ் மக்கார்மாக் மூன்று கோல்கள் அடித்தார். மெக்டெர்மாட் தொடர்ந்து மேலாளராகவே இருக்கிறார் என்று கழகம் அதன் பிறகு அறிவித்தது. அந்த ஐந்து கோல்களை நிறையப் பேர் வேடிக்கைக் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தம் தலைக்கு மேல் நடந்த அவமரியாதைக்கு வீரர்கள் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்ன நாளாகத்தான் நான் அதை நினைவில் வைத்திருக்கிறேன்.

கால்பந்து லீக் முதலில் செல்லினோவை ஏற்க மறுத்தது. மேல்முறையீட்டில் அவர் வென்று ஏப்ரலில் உரிமையாளரானார். அவர் தேர்ந்தெடுத்த முதல் மேலாளர் டேவ் ஹொக்கடே, ஐந்தாம் நிலை லீக்கில் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸை நடத்தியவர். ஆறு ஆட்டங்களில் அவர் கதை முடிந்தது. ஸ்லோவேனியாவின் டார்கோ மிலானிச் ஆறு ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் போனார். இளைஞர் பயிற்சிக்கூடத்தை நடத்திவந்த நீல் ரெட்ஃபெர்ன் பொறுப்பேற்று, தாமே வளர்த்த லூயிஸ் குக், அலெக்ஸ் மோவாட், சார்லி டெய்லர், சாம் பைரம் ஆகிய இளைஞர்களை நம்பி அணியைக் கரை சேர்த்தார். அதற்குக் கிடைத்த பலன், அவருடைய உதவியாளர் சீசன் முடியும் முன்பே இடைநீக்கம் செய்யப்பட்டதும், சார்ல்டன் ஆட்டத்துக்கு முன் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஒரே நேரத்தில் காயம் என்று விலகியதும், கோடையில் பதவி பறிபோனதும். அடுத்து ஊவே ரோஸ்லர், ஸ்டீவ் எவன்ஸ், கேரி மங்க். மங்க் ஏழாவது இடம்வரை கொண்டுவந்து தாமாகவே விலகினார். 1974இல் பிரையன் கிளஃபை 44 நாட்களில் அனுப்பியதுதான் லீட்ஸின் அவசரத்துக்கு எடுத்துக்காட்டாக முன்பு சொல்லப்படும். செல்லினோவின் ஆண்டுகளுக்குப் பிறகு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஆனால் இந்தக் குழப்பத்தின் நடுவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015 ஏப்ரலில், தம் பதவி ஆட்டம் கண்டிருந்த வேளையில், ரெட்ஃபெர்ன் உள்ளூர்ப் பையன் ஒருவரை முதல் அணியில் இறக்கினார்: கால்வின் ஃபிலிப்ஸ். லியம் கூப்பர் ஹொக்கடேயின் நாட்களில் வந்தவர். ஸ்டூவர்ட் டாலஸ் ரோஸ்லரின் காலம். லூக் ஐலிங், பாப்லோ ஹெர்னான்டெஸ், கெமார் ரூஃப் மங்கின் காலம். மட்டேயுஷ் கிளிக், மங்குக்கு அடுத்து வந்த தாமஸ் கிறிஸ்டியன்சனின் காலம். ஒவ்வொரு மேலாளரும் போகும்போது ஓரிருவரை விட்டுச்சென்றார். அவர்களை ஓர் அணியாகக் கோக்க யாருக்கும் நேரம் தரப்படவில்லை என்பதே குறை. 2017இல் முழு உரிமையாளரான ஆண்ட்ரியா ராட்ரிசானி எல்லண்ட் ரோடு மைதானத்தைத் திரும்ப வாங்கிப் பெரிய நன்மை செய்தார்; ஆனால் அவரும் முதல் ஆண்டில் கிறிஸ்டியன்சன், பால் ஹெக்கிங்பாட்டம் என்று இருவரை மாற்றி, பதின்மூன்றாவது இடத்தில் சீசனை முடித்தார்.

2018 ஜூனில் பியல்சா வந்தார். முதல் ஆட்டத்தில், பிரீமியர் லீக்கிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த ஸ்டோக்கை லீட்ஸ் 3-1 என்று வென்றது. அன்று தொடக்க அணியில் புதியவர் பாரி டக்ளஸ் ஒருவரே. மற்ற பத்துப் பேரும் முந்தைய மேலாளர்களிடம் இருந்தவர்கள். அதற்குமுன் பாதிச் சீசனைக் கடனாக வேறு நாட்டில் கழித்திருந்த கிளிக்கும் அவர்களில் ஒருவர். எடையைக் குறைத்தும், வாரந்தோறும் இடைநிறுத்தமே இல்லாத கடும் பயிற்சி ஆட்டங்களை ஆடவைத்தும், எதிரணியின் அமைப்புக்கேற்ப இடங்களை மாற்றியும் பியல்சா அவர்களை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றினார். ஃபிலிப்ஸைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தி ஆட்டத்தை அங்கிருந்து தொடங்கவைத்தார். ஸ்வான்சியில் அவர் சரியாக ஆடாதபோது 28ஆம் நிமிடத்திலேயே வெளியே எடுத்தார், அடுத்த ஆட்டங்களில் மறுபடி நம்பினார். அந்தப் பையன் பின்னாளில் இங்கிலாந்துக்காக ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஆடினார்.

அந்தச் சீசன் சிதைந்த விதத்தை நினைக்கக் கடினமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் வேளையில் முதலிடம். ஜனவரியில் எதிரணியான டெர்பியின் பயிற்சியைப் பார்க்க ஆள் அனுப்பிய விவகாரம், 2 லட்சம் பவுண்டு அபராதம்; அதைத் தம் பணத்திலிருந்து கட்டியதாகப் பியல்சா சொன்னார். புனித வெள்ளியன்று, பத்து பேராகிவிட்ட விகனிடம் சொந்த மைதானத்தில் 2-1 தோல்வி. ஆஸ்டன் வில்லாவின் வீரர் அடிபட்டுக் கிடந்தபோது லீட்ஸ் கோல் அடித்துவிட்டதால், பதிலுக்கு வில்லா தடையின்றி ஒரு கோல் அடிக்கட்டும் என்று பியல்சா தம் வீரர்களுக்கு உத்தரவிட்டார். அதைவிடப் பெரிய செயலை நான் எந்த மேலாளரிடமும் பார்த்ததில்லை. இறுதியில் மூன்றாவது இடம், மறுபடியும் பிளே-ஆஃப், எதிரே டெர்பி. முதல் ஆட்டத்தை அங்கே போய் 1-0 என்று வென்றாயிற்று. மே 15 அன்று எல்லண்ட் ரோட்டில் டாலஸ் அடித்த கோலால் மொத்தக் கணக்கு 2-0. நமக்கு நள்ளிரவு தாண்டியிருந்த அந்த நேரத்தில், இடைவேளைக்குச் சற்று முன், கோல்காப்பாளர் கிகோ கசியாவும் கூப்பரும் ஒரே பந்துக்குப் போய் மோதிக்கொள்ள, டெர்பியின் மாற்று வீரராக அப்போதுதான் இறங்கியிருந்த ஜாக் மேரியட் காலியான வலையில் அடித்தார். அதன் பிறகு எதுவும் நிலையாக நிற்கவில்லை. டெர்பியின் மவுண்ட், வில்சன், மறுபடி டாலஸ், லீட்ஸின் பெரார்டிக்குச் சிவப்பு அட்டை, 85ஆம் நிமிடத்தில் மறுபடி மேரியட். அன்று 4-2, மொத்தத்தில் 4-3 என்று வென்றது டெர்பி.

பழைய லீட்ஸ் ஆக இருந்தால் அந்தக் கோடையில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. கடைசிக் கட்டத்தில் அணி களைத்துவிட்டது, இந்த ஆட்டமுறை நீடித்து நிற்காது என்ற விமர்சனத்துக்கு ஆதாரமும் இருந்தது. ராட்ரிசானியும் விளையாட்டு இயக்குநர் விக்டர் ஓர்தாவும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மே மாதம் முடிவதற்குள் பியல்சா தொடர்வார் என்று அறிவித்தார்கள். பொன்டஸ் யான்சன், ரூஃப் போன்றோர் விற்கப்பட்டபோதும் ஆட்டமுறையில் மாற்றம் இல்லை. 2019-20இல் 93 புள்ளிகள், இரண்டாமிடத்துக்குப் பத்துப் புள்ளிகள் முன்னால். கொரோனாவால் நின்று, ஆளில்லா அரங்குகளில் தொடர்ந்த அந்தச் சீசனின்போதே நார்மன் ஹன்டர், டிரெவர் செர்ரி, ஜாக் சார்ல்டன் ஆகிய பழைய வீரர்கள் மறைந்தார்கள். சார்ல்டன் இறந்த ஒரு வாரத்தில், ஜூலை 17 அன்று உயர்வு உறுதியானது. சாம்பியன் பட்டத்தோடு அடுத்து ஆடப் போன இடம் டெர்பி. அங்கே டெர்பி வீரர்கள் இருபுறமும் வரிசையாக நின்று கைதட்டி வரவேற்றார்கள்.

பியல்சாவின் முடிவு சோகமானது. 2022 பிப்ரவரியில் மட்டும் 20 கோல்களை வாங்கிய பிறகு நீக்கப்பட்டார். அதைத் தவறென்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு நடந்ததைத் தயங்காமல் தவறென்பேன். ஜெஸ்ஸி மார்ஷ், ஹாவி கிராசியா, கடைசி நான்கு ஆட்டங்களுக்கு சாம் அலர்டைஸ் என்று ஒன்றோடொன்று பொருந்தாத மூன்று சிந்தனைகளைப் பதினைந்து மாதங்களுக்குள் அந்த வீரர்கள்மேல் சுமத்தினார்கள். அலர்டைஸின் நான்கு ஆட்டங்களில் கிடைத்தது ஒரு புள்ளி. 2023 மே மாதம் லீட்ஸ் மறுபடி கீழே இறங்கியது.

ஃபார்க்கே வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது, ஏனெனில் 2019இல் பியல்சாவின் லீட்ஸை முந்திச் சாம்பியனான நார்விச் அவருடைய அணி. 2021இல் மறுபடியும் அதைச் சாம்பியனாக்கியிருந்தார். முதல் ஆண்டில் 90 புள்ளிகள் சேர்த்தும் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. வெம்பிளியில் சவுத்தாம்ப்டனின் ஆடம் ஆர்ம்ஸ்ட்ராங் அடித்த ஒற்றைக் கோலில் ஆறாவது பிளே-ஆஃப் தோல்வி. அந்தக் கோடையில் ஆர்ச்சி கிரே, கிரைசென்சியோ சமர்வில், ஜோர்ஜினியோ ருட்டர் மூவரையும் பிரீமியர் லீக் கழகங்கள் வாங்கிச் சென்றன. ஆனால் புதிய உரிமையாளர்களான 49ers குழுமம் மேலாளரை மாற்றாமல் வைத்துக்கொண்டது. 2024-25இல் 100 புள்ளிகள். பர்ன்லியும் சரியாக 100 புள்ளிகள் சேர்த்ததால் பட்டம் கோல் வித்தியாசத்தில் தீர்மானமானது. கடைசி நாளில் பிளிமத்தில் 91ஆம் நிமிடத்தில் மனோர் சாலமன் அடித்த கோல்தான் லீட்ஸை 100க்குக் கொண்டுவந்தது.

அத்தனைக்கும் பிறகு, பிரீமியர் லீக்கில் ஃபார்க்கே தாக்குப்பிடிப்பாரா, வேறொருவரைத் தேடலாமா என்ற பேச்சு, பட்டக் கொண்டாட்டம் ஓய்வதற்குள்ளேயே பத்திரிகைகளில் எழுந்தது. நார்விச்சோடு அவர் அந்த லீக்கில் தடுமாறியது உண்மை என்பதால், அக்கேள்வியை அடியோடு ஒதுக்கவும் முடியாது. கழகம் அவரையே வைத்துக்கொண்டது. 2025 ஆகஸ்ட் 18 அன்று எவர்ட்டனுக்கு எதிராக எல்லண்ட் ரோட்டில் தொடங்கிய புதிய சீசனின் முதல் ஆட்டத்தை, லூகாஸ் நிமெச்சாவின் பெனால்டி கோலில் அவருடைய அணி 1-0 என்று வென்றது.